கடைசி நிரைக்காரி

"…இல்லைங்க மிஸ், நீங்க சொல்றது அம்புட்டும் சரி. சரியா இருக்கிறதாலதான் எனக்கு ஆத்திரம் வருது."

அக்கா இதைச் சொன்னபோது ஓர் ஊதாப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி எங்கள் தோட்டத்துப் பெண்கள் பதினேழு பேர், ஆளுக்கொரு ஊதாப் பாய். முன்னால், மன அமைதி வகுப்பு நடத்துவதற்குக் கொழும்பிலிருந்து வந்த மிஸ். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான். மிஸ் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் பெண்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்வது அன்றைக்கு என் வேலை. அக்கா சொன்ன அந்த ஒன்றைச் சிங்களத்துக்குக் கொண்டு போகிற வழியில் நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்கா எப்பேர்ப்பட்டவள் என்று தெரியாமல் கேட்டால் என் குற்றம் சின்னதாகத் தெரியும். அதனால் முதலில் அவளைப் பற்றி.

பேர் போட மாட்டேன். அவளைக் கேட்காமல் அவளுடையதை ஒரு தரம் எடுத்துக் கொடுத்தவள் நான். இன்னொரு தரம் வேண்டாம்.

எங்கள் தோட்டம் மாத்தளைப் பக்கம், ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற ரோட்டில் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், கங்காணி ஆளுக்கொரு நிரை காட்டுவார். தேயிலைச் செடி வரிசையைத்தான் நிரை என்போம். நடு மலையில் நிரை கிடைத்தால் அதிர்ஷ்டம். கொழுந்து தளதளவென்று இருக்கும், பேச்சுத் துணைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். கடைசி நிரை காட்டை ஒட்டிப் போகும். அங்கே மரநிழல் விழுந்து கொழுந்து ஏறாது. அட்டை கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரைக்கும் ஏறும். குளவிக்கூடு எந்தக் கிளையில் இருக்கிறதென்று அது கொட்டிய பிறகுதான் தெரியும். அதனால் கடைசி நிரை எங்கள் தோட்டத்தில் ஒரு தண்டனை. பிந்தி வந்தவளுக்கு, கங்காணியிடம் வாய் காட்டியவளுக்கு அதுதான்.

அக்கா மட்டும் நேரத்துக்கு வந்து, முன்னால் நின்று, அதைக் கேட்டு வாங்குவாள்.

"ஒனக்கு என்ன, அந்தக் காட்டுக்குள்ள சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?" என்று கங்காணி கேட்பார்.

"இருக்காங்க. ஒங்கள மாதிரி நொய்நொய்னு கேள்வி கேக்காத சொந்தம்."

மலையே சிரிக்கும். கங்காணியும் சிரித்துக்கொண்டே நிரையைக் கொடுத்துவிடுவார். யாருக்கும் வேண்டாததை ஒருத்தி கேட்டால் கொடுக்கிறதற்கு என்ன?

அந்த நிரை முடிகிற இடத்தில், காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை வெளியே வரும். பெரிசாக ஒன்றும் இல்லை, நாலு எட்டில் தாண்டிவிடலாம். கரையில் ஒரு தட்டைக் கல். மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்ததும் மற்றப் பெண்கள் லயத்து வீடுகளுக்கு ஓடுவார்கள். சோறு பொங்க வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும். அக்கா மடியிலிருந்து ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போவாள். யாராவது எங்கே என்று கேட்டால் ஒரே பதில்.

"மிசினை நிப்பாட்டிட்டு வர்றேன்."

எங்கள் லயங்களுக்குப் பக்கத்தில்தான் பெக்டரி. கொழுந்து உருட்டுகிற மிசின் ஓடுகிற நாளெல்லாம் அந்தச் சத்தம் சுவருக்குள் இருக்கும், தட்டில் இருக்கும், தலையணையில் இருக்கும். பழகிவிட்டால் காதுக்கே தெரியாது. அது நின்ற பிறகுதான், அட, இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டா இருந்தது என்று உடம்பு தளரும். அக்காவின் தலைக்குள் அப்படி ஒன்று ஓடியது. அவளே சொன்னது. "மத்தவங்களுக்கு பெக்டரியோட சரி. எனக்கு உள்ளுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணு. ரெண்டு ஷிப்டு."

நான் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, ஆனாலும் அந்தியில் என்னிடம் தேத்தண்ணி குடிக்க வருவாள். அவள் பேசுகிற பேச்சுகளைப் பிள்ளைகளின் வரவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். யார் நல்லதாக நாலு வார்த்தை பேசினாலும் எனக்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்து வைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

ஏன் அப்படி ஓடுகிறதென்று எல்லாரும் அவளைக் கேட்பார்கள். புருஷனாலா, பிள்ளை இல்லாததாலா, யாரும் செய்வினை வைத்தார்களா. அக்காவுக்கு அந்தக் கேள்வியைக் கண்டாலே ஆகாது.

"காய்ச்சல் வந்தவன்கிட்ட ஏன் காய்ச்சல் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கமாட்டீங்க. கஞ்சி வச்சுக் குடுப்பீங்க. எனக்கு மட்டும் ஏன் வெசாரணை?"

ஒரு தரம் அவளுடைய அண்ணன் குடும்பம் சேர்ந்து கோடாங்கியைக் கூட்டி வந்தது. உடுக்கை அடித்து, எந்தப் பேய் நீ என்று கேட்டு, வேப்பிலையால் முகத்தில் ஓங்கி அடித்தார் அந்த மனுஷன். மூன்றாவது அடியில் அக்கா வேப்பிலையைப் பிடுங்கி அவருக்கே ஒன்று வைத்தாள். "பேய்க்கு எங்கிட்ட வந்து தங்க நேரம் இருக்காய்யா? நான் ஆறரைக்குப் பெரட்டுக்குப் போறவ." பிறகு அவளே தனியாக பஸ் ஏறி மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய், மனநோய் கிளினிக் எது என்று நாலு பேரிடம் வாய் விட்டுக் கேட்டு, சீட்டு எடுத்தாள். எங்கள் பக்கத்தில் அந்தக் கிளினிக் பேரை வெளியே சொல்ல ஆண்களே பயப்படுவார்கள். வயிற்று வலிக்குப் போனேன் என்றுதான் சொல்வார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவள். மாத்திரை எழுதிவிட்டு, வேறு என்ன செய்தால் கொஞ்சம் இறங்குகிறது என்று கேட்டிருக்கிறாள். அக்கா, கடையில் சாமான் வாங்கிப் பழகிய தன் கடைச் சிங்களத்தில், தண்ணிக்குள்ள காலை விட்டுட்டு உட்காருவேன், யாரும் பேசக்கூடாது என்றிருக்கிறாள். எவ்வளவு நேரம்? சோத்து நேரத்துல பாதி. தினமுமா? தினமும். அப்படியானால் அதையும் விடாதே, மாத்திரையையும் விடாதே, ஒன்று இருக்கிறதென்று மற்றதை நிறுத்திவிடாதே என்றாளாம். அக்கா அன்றைக்குப் பிள்ளைமடுவத்தில் வந்து, ஏதோ பரீட்சை பாஸ் பண்ணினவள் மாதிரிச் சொன்னாள்: "மாத்திரை வேகத்தைக் கொறைக்குது புள்ள. தண்ணிதான் சுவிச்சை அமத்துது."

ஒரே ஒரு நாள் நானும் கூடப் போனேன். பிள்ளைகள் தூங்கிவிட்டதால் மற்ற ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். கல்லில் அவளும், கரையில் நானும். காட்டுக்குள் பனி நின்றது. தண்ணீர் ஐஸ் மாதிரி. எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வாய் சும்மா இருக்காது. இந்தத் தண்ணி எங்கே போகிறது, அந்தப் பூ என்ன பூ என்று ஆரம்பித்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஒன் வாய்க்கு ஒரு கேட்டு போட்டு மொதல்ல பூட்டணும்" என்றாள். நான் அடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் எப்போதும் இருக்கிற அந்த இரண்டு கோடும் இல்லை. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

இதை வைத்து அவளைச் சாந்தமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் போல் கோபக்காரியை நான் பார்த்ததில்லை. ஒரு தரம் பீலியில் தண்ணி பிடிக்கிற வரிசையில் சண்டை வந்து, பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரியின் வாளியைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தாள். மறுநாள் மத்தியானம் ஓடையில் இருந்துவிட்டு வந்து, பள்ளத்தில் இறங்கி வாளியை எடுத்து, தண்ணி நிரப்பி, அவள் வாசலில் கொண்டு போய் வைத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் தோட்ட ஆபீசுக்குப் போய், இருபது குடும்பத்துக்கு ஒரு பீலியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துச் சாக வேண்டுமா என்று வாசலில் நின்று கேட்டாள். இரண்டாவது பீலி வந்தது அவளால்தான்.

"அங்க போய் இருந்தா கோவம் போயிருமா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் போகணும்? கோவம் அங்கேயேதான் இருக்கும். ஆனா யாரு மேல வரணும்னு தெளிவாத் தெரியும். அதுக்கு முன்னாடி எதிர்ல வர்ற எல்லாரு மேலயும் வரும்."

இதையும் கொப்பியில் எழுதினேன்.

இனி என் கதை. கொஞ்சம்தான்.

எங்கள் தோட்டத்தின் மேல்பக்கம் ஒரு விடுதி வந்தது. கொழும்பு ஆட்களும் வெள்ளைக்காரர்களும் பனியைப் பார்க்க வந்து தங்குகிற இடம். அதன் மானேஜர் மரியாதையான சிங்கள மனுஷன். ஒரு மழை நாளில் அவருடைய வேன் பிள்ளைமடுவத்துக்கு முன்னால் சேற்றில் புதைந்துவிட்டது. ஆள் வரும் வரைக்கும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். எனக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும், படித்ததெல்லாம் ரத்தொட்டைக் கடைவீதியில். அவரும் பேச்சுக் கொடுத்தார். எங்கள் விருந்தாளிகளுக்கு அமைதியான ஓர் இடம் தேடுகிறோம், இந்தப் பக்கத்தில் அப்படி ஏதும் உண்டா என்றார்.

வாய்க்குக் கேட்டு இல்லையே. அக்காவைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன், மிசினை நிறுத்துகிற கதையையும் சொன்னேன். அக்கா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினேன். அவர் போனை எடுத்து அதில் எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தர் என் வாயிலிருந்து வந்ததை எழுதி வைக்கிறார். எனக்கு அப்படி ஒரு பெருமை. மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நானே போய் இடத்தைக் காட்டினேன்.

மூன்று மாதத்தில் அந்த மலையில் காட்டை ஒட்டிய பத்து நிரையைத் தோட்டம் விடுதிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. முள்ளுக்கம்பி வந்தது. தட்டைக் கல்லின் மேல் பலகை அடித்து, மேடை மாதிரி ஒன்று கட்டினார்கள். கம்பிக்குக் காவல், எங்கள் லயத்திலேயே வேலையிலிருந்து நின்ற ஒரு பெரியவர்.

முதல் நாள் அக்கா கம்பிக்கு அடியில் குனிந்து நுழையப் போனாள். பெரியவர் ஓடி வந்து, "தாயி, நீ போனா என்னைய நிப்பாட்டிருவாங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் முகத்தை வெகு நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். யார் மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தவள் அல்லவா, அந்த மனுஷன் மேல் படவில்லை. மானேஜரிடம் கேட்கப் போனாள். விடுதிக் கேட்டிலேயே, அது தனியார் இடம் என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்ட ஆபீசில், உட்கார்வதற்கு ஊரில் வேறு கல்லே இல்லையா என்று கேட்டார்கள்.

வேறு கல் இருந்தது. ரோட்டோரம் இருந்தது, கோயிலடியில் இருந்தது. எல்லா இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி தனியாக உட்கார்ந்தால் என்ன தாயி, என்ன அக்கா, ஒடம்புக்கு முடியலையா என்று வந்துவிடுவார்கள். கீழே அதே ஓடை லயங்களுக்குப் பக்கத்தில் ஓடும்போது அதில் எங்கள் எல்லாருடைய சவர்க்கார நுரையும் சேர்ந்துதான் ஓடும்.

நாலு மாதம். முதலில் தூக்கம் போனது. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள், காலையில் கை நடுங்கியது. ஒரு நாள் அந்தி நிறுவையில் கணக்கப்பிள்ளை வேலை நம்பர் கேட்டபோது அக்காவுக்குத் தன்னுடைய நம்பர் ஞாபகம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொன்ன நம்பர். கொழுந்துச் சாக்கைக் கையில் பிடித்தபடி, சுற்றி நின்ற எங்கள் முகங்களில் அது எழுதியிருக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பத்து மணிக்கு நிரையிலிருந்து இறங்கிப் போனாள். ரோட்டில், வளைவில், நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். ரத்தொட்டையிலிருந்து ஏறி வந்த பஸ் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கி ஓரமாக உட்கார வைத்தார். நான் தகவல் கேட்டு ஓடிப் போனேன்.

"ஏன் அக்கா இங்க வந்து உட்கார்ந்தீங்க?"

"இங்கதான் சத்தம் கொஞ்சம் கொறவா இருந்துச்சு."

அன்றைக்குக்கூட நான் சொல்லவில்லை, இடத்தைக் காட்டியது நான்தான் என்று. சொல்ல நினைத்து, பிள்ளைமடுவத்துக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தேன்.

அப்போதுதான் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மன அமைதி வகுப்பு. போட்டோ எடுப்பார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். மொழி சொல்ல என்னைக் கேட்டார்கள். அக்காவும் வருகிறேன் என்று பேர் கொடுத்தாள். அந்தக் காலையில் தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தத் தண்ணியைப் பார்க்கப் போகிறாள்.

எங்களை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். தண்ணிச் சத்தம் கேட்டது. அக்கா பலகைக்கு அடியில் தன் கல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று காலால் தேடிப் பார்த்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன்.

மேடையோரம், ஈர மண்ணில், இரண்டு கம்பு நட்டு ஒரு பலகை நின்றது. வெள்ளை எழுத்து. இங்கிலீஷிலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. மிஸ் என்னிடம், உங்கள் சிநேகிதிகளுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள், இந்த இடத்துக்கே அந்த வாசகம்தான் உயிர் என்றாள்.

சிங்களம் பேசத்தான் தண்ணி மாதிரி வரும், படிக்க எழுத்துக் கூட்டித்தான் வரும். முதல் வரி கூட்டி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வேறு ஏதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தேன்.

"ஒங்க தலைக்குள்ள ஓடுற மிசினை இங்க நிப்பாட்டுங்க."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அடியே, இது நம்ம அக்கா பேச்சுல்ல? பலகை போடுற அளவுக்குப் பெரியாளாகிட்டீங்களே அக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வார்த்தை எந்த வழியாக அங்கே வந்திருக்கும் என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் தேவைப்படவில்லை.

வகுப்பு தொடங்கியது. மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. சொன்னதும் நல்லதுதான். தினமும் இருபது நிமிஷமாவது மரத்தடியிலோ தண்ணிக் கரையிலோ சும்மா இருங்கள். போனைத் தூர வையுங்கள். ஒன்றும் யோசிக்காமல் இருக்க முயற்சி பண்ண வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள். மூச்சு தானாக அடங்கும், பிறகு எந்த விஷயத்தையும் தெளிவாக யோசிக்கலாம். டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை, இயற்கை எல்லாருக்கும் பொது.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாகச் சொன்னதற்கு ஆட்டவில்லை. மிஸ் அதைக் கவனித்துவிட்டு, அந்த அக்காவுக்கு நான் சொல்வதில் சந்தேகமா என்று கேட்டாள். அதற்குத்தான் அக்கா, நான் முதலில் எழுதிய அதை, சரியா இருக்கிறதாலதான் ஆத்திரம் வருது என்பதைச் சொன்னாள்.

நான் சிங்களத்தில் சொன்னேன்: "நீங்கள் சொல்வது எல்லாம் சரி என்கிறார், மிஸ்."

மிஸ் இரண்டு கையையும் சேர்த்து வைத்துச் சந்தோஷமாகத் தலை குனிந்தாள். பின்னால் நின்ற மானேஜரும் சிரித்தார்.

"ஏ புள்ள," என்றாள் அக்கா. "மத்தப் பாதி எங்க?"

நான் குனிந்து பாயின் ஓரத்தை நீவிவிட்டேன்.

"வர்ற வழியில கொட்டிட்டியா? இங்க இருக்கிறதை அங்க கொண்டு போய்க் குடுக்கிறதுல நீ கெட்டிக்காரியாச்சே. இன்னிக்கு என்ன பாதியோட நிக்கிறே?"

பதினேழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு என் அழுகையைப் பார்க்க நேரம் இல்லை. மிஸ் பக்கம் திரும்பி, தன்னுடைய கடைச் சிங்களத்தையும் கிளினிக் சிங்களத்தையும் சேர்த்து வைத்துத் தானே பேசினாள். உடைந்த சிங்களம்தான், ஆனால் ஒரு வார்த்தை வீணாகவில்லை: இந்த மேடைக்குக் கீழே இருக்கிற கல்லில் பதினொரு வருஷம் இருந்தேன். அந்தப் பலகையில் எழுதியிருக்கிறது நான் சொன்னது. நாலு மாதமாக உள்ளே விடவில்லை. நாலு மாதமாகத் தூக்கம் இல்லை, போன மாதம் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் எல்லாருக்கும் பொது என்கிறீர்கள், மானேஜர் வரக்கூடாது என்கிறார். இரண்டு பேரும் ஒரே வேனில்தான் வந்தீர்கள்.

மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. மானேஜரைப் பார்த்து, உண்மையா என்று கேட்டாள். அவர் முன்னால் வந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. மிகவும் வருந்துகிறோம், எங்களுக்குத் தெரியாது என்றார். தெரியாதாம். என் பிள்ளைமடுவத்தில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்து, அவளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போன மனுஷன். பிறகு சொன்னார்: இந்த அம்மாவுக்கு மட்டும் விசேஷமாக ஓர் ஏற்பாடு செய்யலாம். செவ்வாய்க்கிழமைகளில், காலை ஆறு மணியிலிருந்து ஆறரை வரைக்கும், விருந்தாளிகள் எழும்புவதற்கு முன்னால். ஓர் அனுமதி அட்டை தருகிறோம், பின்பக்கத்தால் வரலாம்.

காலை ஆறு மணிக்கு எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்கு உட்கார நேரம் இருக்கிறது?

அக்கா தமிழிலேயே அவரைக் கேட்டாள், மெதுவாக: "மாத்தயா, அப்ப மத்த ஆறு நாளும் எனக்குப் பைத்தியம் பிடிச்சாப் பரவாயில்லையா?"

பெண்கள் சிரித்தார்கள், ஆனால் அது முதலில் சிரித்த சிரிப்பில்லை. மானேஜர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையையும் கொட்டவில்லை. பைத்தியம் என்ற வார்த்தையைக்கூட அவருக்கு நன்றாக விளங்குகிற மாதிரி நிறுத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இதையெல்லாம் பிறகு ஆபீசில் பேசிக்கொள்ளலாம், இப்போது வகுப்பு நடக்கட்டும் என்றார் அவர். மிஸ்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். எல்லாரும் கண்ணை மூடுங்கள், தண்ணிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள் என்றாள். நான் அதையும் தமிழில் சொன்னேன். பதினேழு பேர் மூடினார்கள்.

அக்கா எழும்பினாள். மேடையை விட்டு ஈர மண்ணில் இறங்கி, பலகை நட்டிருந்த கம்பு இரண்டையும் பிடித்தாள். பட்டுப்போன தேயிலைத் தூரைப் பிடுங்குவோமே, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, அந்த மாதிரி ஆட்டினாள். மண் இளகிக் கொடுத்தது. பலகையைத் தூக்கித் தண்ணிக் கரைக்குக் கொண்டு போய், எழுத்துப் பக்கத்தைச் சேற்றில் கவிழ்த்துப் போட்டாள். அதன் மேல் உட்கார்ந்தாள். நல்ல சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகிக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணிக்குள் விட்டாள்.

மானேஜர் மேடையோரத்துக்கு வந்து, அது விடுதியின் பொருள், தயவுசெய்து எழும்புங்கள் என்று சத்தமாகச் சொன்னார். இரண்டாவது தரம் இன்னும் சத்தமாகச் சொன்னார். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் திறந்தார்கள்.

அக்கா தலையை மட்டும் திருப்பினாள். ஒரு விரலை உதட்டில் வைத்து, "உஸ்" என்றாள். பிறகு தண்ணிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.